நனைந்த வெடிமருந்து: 1824 ரங்கூன் போரில் மெட்ராஸ் சிப்பாயை நாவலாக எழுத

யாங்கோனில் (அன்றைய ரங்கூன்) தமிழர் புழங்கும் கடைத்தெருக்களின் நடுவே ஓடுவது மகாபண்டுலா சாலை. வெள்ளைக்காரர் காலத்தில் அதற்கு டல்ஹௌசி தெரு என்று பெயர். பண்டுலா, ஆவாவைத் தலைநகராகக் கொண்ட பர்மிய அரசர் பாஜிடோவின் தலைமைத் தளபதி. 1825 ஏப்ரல் 1 அன்று ஐராவதிக் கரையில் டனுபியூ கோட்டைக்குள் குண்டு விழுந்து இறந்தவர். அந்தக் கோட்டையைச் சுற்றி வளைத்த படையில் சிவப்புக் கோட்டு போட்டு நின்றவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. திருச்சிராப்பள்ளி, வேலூர், ஆற்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படைச் சிப்பாய்கள். அவர்களைப் பற்றித் தமிழில் நல்ல போர் நாவல் எழுத நினைப்பவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தப் போரைச் சண்டைகளின் வரிசையாக எழுதினால் நாவல் விழுந்துவிடும். 1824 மே மாதம் படை ரங்கூனில் இறங்கியது. டிசம்பரில்தான் பெரிய மோதல் வந்தது. இடையில் இருந்த ஏழு மாத மழை, பசி, காய்ச்சல், காலியான ஊர், இவைதான் கதை. அதை எழுதத் தெரிந்தவருக்கு மற்றது தானாக வரும்.

போரின் காரணத்தை இரண்டு பக்கத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். பர்மிய அரசு அரக்கானையும் மணிப்பூரையும் அசாமையும் பிடித்ததால், கம்பெனியின் எல்லையும் ஆவாவின் எல்லையும் முட்டிக்கொண்டன. நாஃப் ஆற்று வாயில் ஷாபுரி என்ற சின்னத் தீவுக்காக 1823இல் தகராறு முற்றியது. 1824 மார்ச்சில் கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்ட் போர் அறிவித்தார். சிப்பாய்க்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவனுக்குத் தெரிந்தது, தன் பட்டாளம் கப்பல் ஏறுகிறது என்பது மட்டும்.

அவன் ஏன் ஏறினான்? வங்காளப் படையில் மேல்சாதிக்காரர் அதிகம்; கடல் கடந்தால் சாதி போய்விடும் என்ற அச்சம் அங்கே ஆழமாக இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 2 அன்று கல்கத்தா பக்கத்தில் பாரக்பூரில், பர்மாப் போருக்குப் புறப்பட மறுத்த 47ஆம் படைப்பிரிவின்மேல் பீரங்கியால் சுட்டார்கள். கடல் பயத்தோடு மூட்டை சுமக்க மாடு கிடைக்காத குறையும் அங்கே சேர்ந்திருந்தது. மெட்ராஸ் படைக்கு அந்தத் தயக்கம் அவ்வளவாக இல்லை. 1762இல் மணிலாவுக்கும், 1810இல் மொரிஷியசுக்கும், 1811இல் ஜாவாவுக்கும் போய் வந்த படை அது. ரங்கூனுக்குப் போன சுமார் 11,000 பேரில் பாதிக்கு மேல் மெட்ராஸ் மாகாணம் அனுப்பியவர்களே.

ஆனால் பழக்கம் மட்டும் காரணமாகிவிடாது. சிப்பாய்க்கு மாதம் 7 ரூபாய் சம்பளம். மெட்ராஸ் சிப்பாயின் குடும்பம் பட்டாளத்தோடே ஊர் ஊராக நகர்ந்து, லைன் வீடுகளில் குடியிருந்தது. பெண்டாட்டி, பிள்ளை, தாய், சில வீடுகளில் விதவையான அக்காள் என்று எல்லோரும் அந்த 7 ரூபாயில். கடல் கடக்கும்போது சம்பளத்தில் ஒரு பங்கை ஊரிலிருக்கும் குடும்பத்துக்கு ஒதுக்கி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். சிப்பாயின் மகனைச் சிறுவனாகவே பட்டாளப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. அரசர் பெயரோ கம்பெனியின் பெருமையோ அவனைக் கப்பல் ஏற்றவில்லை. இந்தக் கணக்கு ஏற்றியது. கதாநாயகனை நாட்டுப்பற்றாளனாகவோ துரோகியாகவோ வார்க்க ஆசைப்படுகிறவர்கள், அவன் வீட்டு அரிசிப் பானையை முதலில் எட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. பட்டாளம் முழுதும் தமிழ் பேசியதாக எழுதாதீர்கள். தெலுங்கர், தமிழர், முஸ்லிம்கள் கலந்த படை அது. கட்டளைச் சொற்கள் ஆங்கிலம். அதிகாரியோடு பேசுவது பெரும்பாலும் அரைகுறை இந்துஸ்தானி. இரவில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தால்தான் அவரவர் மொழி. பதவி வரிசை: சிப்பாய், நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார். முப்பது வருடம் உழைத்த சுபேதாரும், நேற்று வந்த வெள்ளைக்கார இளம் அதிகாரிக்குக் கீழேதான். 1824இல் நரைத்துப்போயிருந்த சுபேதார்களுக்கு 1806 ஜூலை 10 வேலூர் எழுச்சி நேரில் கண்ட நினைவு. தலைப்பாகையையும் தாடியையும் நெற்றிக் குறியையும் மாற்றச் சொன்னதால் வந்த ரத்தம் அது. நாவலில் வயதான ஒருவர் வந்தால் அந்த நினைவு அவர் பேச்சில் ஒரு வரியாவது வரத்தான் வேண்டும்.

எங்களைக் கேட்டால், கதாநாயகனைத் துப்பாக்கிச் சிப்பாயாக வைக்காமல் மெட்ராஸ் பயனியர் படைக்காரனாக வைப்போம். காடு வெட்டுவது, ஏணி சுமப்பது, பள்ளம் தோண்டுவது, சேற்றில் பீரங்கி இழுப்பது அவர்கள் வேலை. இன்றைய மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் முன்னோர் அவர்கள். தமிழர் நிறைந்திருந்த படை. போர் என்பது எவ்வளவு உடல் உழைப்பு என்பதை அவன் கண்ணால்தான் முழுதாகக் காட்ட முடியும்.

புறப்பாட்டுக் காட்சிக்கு வருவோம். 1824இல் சென்னைப் பட்டணத்தில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அலையை உடைத்துக்கொண்டு ஆட்களைக் கொண்டுபோனவை மசூலாப் படகுகள். அவற்றில் ஓர் இரும்பு ஆணி கிடையாது; பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை மோதித் தரை தட்டும்போது பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். தையல் வழியே தண்ணீர் கசியும், ஒருவர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கரையோர மீனவர்கள் பாட்டுக்கு ஏற்றபடி துடுப்பு போடுவார்கள். மூன்று அலைக்கோடுகளைத் தாண்டுவதற்குள் துப்பாக்கிப் பூட்டு நனைந்துவிடும். பிறகு கப்பல்கள் அந்தமானில் போர்ட் கார்ன்வாலிசில் ஒன்றுசேர்ந்து, மே 11 அன்று ரங்கூன் முன் வந்து நின்றன.

ஏன் மே மாதம்? மழைக்கு முன் வாரத்தில் யாராவது படை இறக்குவார்களா என்று வாசகர் கேட்பார். அது மறதியால் நடந்ததல்ல, திட்டமிட்டே செய்தார்கள். மழையில் ஐராவதி பெருகும். தென்மேற்குக் காற்று பாய்மரத்தைத் தள்ளும். கீழ்ப் பர்மாவின் மோன் மக்கள் ஆவாவை வெறுப்பதால் படகும் மாடும் அரிசியும் தருவார்கள். பெருகிய ஆற்றில் ஏறி நேரே ஆவாவை அடையலாம். கணக்கு இதுதான். இதில் காற்றும் வெள்ளமும் மட்டும் சொன்னபடி வந்தன. லிஃபி போர்க்கப்பல் சில முறை சுட்டதும் கரையிலிருந்த பீரங்கிகள் அடங்கின. ஊருக்குள் நுழைந்தால் ஆள் இல்லை. அதிகாரிகள் மக்களைக் காட்டுக்குள் ஓட்டிப்போயிருந்தார்கள். படகில்லை, மாடில்லை, மாடில்லாததால் வண்டியில்லை, விற்க ஆளில்லாததால் சந்தையில்லை.

சந்தை இல்லாதது சிப்பாய்க்கு எவ்வளவு பெரிய அடி என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். சொந்த மாகாணத்தில் அவன் தன் சம்பளத்தில் தானே வாங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறவன். பட்டாளத்தின் பின்னாலேயே ஒரு கடைத்தெரு நகர்ந்து வரும். ரங்கூனில் கம்பெனி அளந்து போட்டதுதான் உணவு: கப்பலில் வந்த அரிசி, பருப்பு, நெய், உப்பு. கீரை, காய், மோர், எலுமிச்சை எதுவும் இல்லை. கப்பல் அடித்தட்டின் ஈரத்தில் கிடந்த அரிசி பூசணம் பிடித்து வாடை அடிக்கும். வெள்ளைக்காரச் சோல்ஜருக்கு உப்புக்கண்டமும் பிஸ்கட்டும். இரண்டு பந்தியிலும் வைட்டமின் சி இல்லை. வாரங்கள் போகப் போக ஈறு வீங்கி ரத்தம் கசியும். பழைய காயத் தழும்பு மறுபடி திறந்துகொள்ளும். சின்னக் கீறலும் புண்ணாகி அழுகும். புளி ஒரு மூட்டை கிடைத்தால் அது அந்தப் படையில் பொன்னுக்குச் சமம். சென்னையில் கவர்னர் தாமஸ் மன்றோ அரிசியும் ஆளும் திரட்டி அனுப்பிக்கொண்டே இருந்தார். கடல் தாண்டி வந்து சேர்வதற்குத்தான் நாள் பிடித்தது.

அடுத்தது மழை. யாங்கோனில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது; ஏறக்குறைய எல்லாமே மே முதல் அக்டோபருக்குள். ஜூலையில் இங்கே துணி காய வைத்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வெடிமருந்தையும் அங்கே வைத்துப் பாருங்கள்.

சிப்பாயின் துப்பாக்கி பிரவுன் பெஸ் எனப்படும் சக்கிமுக்கித் துப்பாக்கி. நான்கு கிலோவுக்கு மேல் எடை; குழாயின் வாய் முக்கால் அங்குலம். சுடும் முறை இது. குதிரையை, அதாவது சக்கிமுக்கிக் கல்லைப் பிடித்திருக்கும் சுத்தியலை, பாதி இழுத்து நிறுத்த வேண்டும். காகிதத் தோட்டாவின் நுனியைப் பல்லால் கிழித்து, கொஞ்சம் மருந்தைக் குழாயின் பக்கத்திலுள்ள சின்னக் கிண்ணத்தில் போட்டு மூட வேண்டும். துப்பாக்கியை நிமிர்த்தி, மிச்ச மருந்தைக் குழாயில் கொட்டி, குண்டைக் காகிதத்தோடே உள்ளே தள்ளி, கெஜக்கோலால் இடிக்க வேண்டும். குதிரையை முழுக்க இழுத்துச் சுட வேண்டும். பழகியவர் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம். நூறு கெஜத்துக்கு அப்பால் குறி என்று ஒன்று கிடையாது.

மழையில் எங்கே கெடும்? முதலில் கிண்ணத்தில். மூடி முழுதாகப் பொருந்தாது. ஒரு சொட்டு புகுந்தால் மருந்து களியாகிவிடும். அடுத்தது சக்கிமுக்கிக் கல். ஈரம் பட்ட இரும்பில் தட்டினால் பொறி வராது. மூன்றாவது, கிண்ணத்து மருந்து மட்டும் புஸ்ஸென்று எரிந்து, குழாய்க்குள் தீ போகாமல் நின்றுவிடும். ஆரவாரத்தில் இதைக் கவனிக்காத ஆள் அதன்மேலேயே இன்னொரு தோட்டாவை இடித்துவிடுவான். பிறகு சுட்டால் குழாய் வெடிக்கலாம். கரிமருந்தின் எச்சம் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. பத்துச் சுற்றுக்குப் பின் குண்டு குழாயில் இறங்கவே மறுக்கும். சிப்பாய்கள் பூட்டைச் சுற்றித் துணி கட்டினார்கள், எண்ணெய் தடவினார்கள். ஓரளவுக்குத்தான் உதவியது. அதனால்தான் அந்த மழைக்காலச் சண்டைகள் பயனெட்டாலும் ஏணியாலும் நடந்தன.

ஏணி எதற்கு? பர்மியரின் தடுப்பரண்களுக்கு. தேக்குத் தூண்களையோ தடித்த மூங்கிலையோ நெருக்கமாக நட்டு, பத்தடிக்கு மேல் உயர்த்தி, உள்ளே மண் அணைத்து, வெளியே கூர் சீவிய மூங்கில்களைச் சாய்த்து நட்டுவிடுவார்கள். ஒரு படை ஒரே இரவில் இதை எழுப்பிவிடும். மூங்கிலில் பீரங்கிக் குண்டு பட்டால் துளைத்துக்கொண்டு போகும், சுவர் விழாது. ஆகவே ஏணி. ஏணி சுமப்பவன் இடுப்பளவு நெல்வயல் நீரில் நடக்க வேண்டும். அவன் பின்தங்கினால் முன்னால் ஓடியவர்கள் சுவரடியில் சும்மா நின்று சாவார்கள். 1824 ஜூலை 8 அன்று ஜெனரல் மக்பீனின் தரைப்படை கமாயுட்டில் ஏழு அரண்களை இப்படித்தான் பிடித்தது. இன்று யாங்கோனில் லேடான் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகிறோமே, அந்த வட்டாரம்தான்.

எதிர்த் தரப்பை எழுதும்போது கைத்திறனுக்கு உரிய மதிப்பைக் கொடுங்கள். பர்மியச் சிப்பாய் முன்னேறியதே மண்ணுக்குள்தான். இரண்டு பேருக்கு ஒரு குழி. மழையும் குண்டும் படாதபடி பக்கவாட்டில் குடைந்து, அதற்குள் அரிசி, தண்ணீர், விறகு, படுக்க வைக்கோல் எல்லாம் வைத்திருப்பார்கள். இருட்டியதும் அடுத்த வரிசைக் குழியைத் தோண்டி முன்னே நகர்வார்கள். இதை விவரித்து வியந்தவர்கள் எதிரிகளான ஆங்கில அதிகாரிகளே. ஆற்றில் அவர்கள் விட்ட தீத்தெப்பங்களும் அப்படித்தான்: மூங்கில் வரிசைகளுக்கு நடுவே மண்ஜாடிகள், ஜாடிகளில் மண்ணெண்ணெய்க் கிணற்று எண்ணெயும் பஞ்சும். நீரோட்டத்தில் கொளுத்தி விட்டால், நங்கூரச் சங்கிலியில் முட்டி மடிந்து கப்பலின் இரு பக்கத்தையும் அணைத்துக்கொள்ளும். மாலுமிகள் படகில் போய்க் கொக்கி மாட்டி இழுத்து விலக்க வேண்டியிருந்தது.

நோயை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாச் சண்டையையும்விடப் பெரிய கொலையாளி அதுதான். முதலில் ரங்கூனில் இறங்கிய ஐரோப்பியச் சோல்ஜர்கள் 3,586 பேர். அவர்களில் 3,115 பேர் பர்மாவிலேயே இறந்தார்கள். சண்டையில் செத்தவர்கள் சுமார் 150. மற்றவர்களைக் கொண்டுபோனது காய்ச்சலும் சீதபேதியும் ஊட்டமின்மையும். ஒரு அத்தியாயத்தில் மூன்று வாள்வீச்சு வைத்தால் முப்பது பேதிப் படுக்கை வைக்க வேண்டும் என்று பொருள். அந்த ஆண்டு கடைசியில் தவாய், மெர்குய், மார்த்தபான் ஊர்களைப் பிடித்த பிறகு நோயாளிகளை அந்தப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே பழமும் காயும் கறியும் கிடைத்தன, பிழைத்தார்கள்.

நாவலின் உச்சத்துக்கு எங்கள் தேர்வு கெமெண்டைன். இன்றைய கியிமிந்தைங். அரக்கானிலிருந்து மலைதாண்டி, கொட்டும் மழையில் தன் படையை நடத்திக்கொண்டு வந்த பண்டுலா, 1824 டிசம்பர் 1 அன்று ரங்கூனைச் சுற்றி வளைத்தார். சுவேடகோன் பகோடா நிற்கும் மேட்டை ஐரோப்பியரும் பீரங்கிகளும் காத்தார்கள். ஆற்றோரம் தனித்து நின்ற கெமெண்டைன் அரணைக் காத்தது மேஜர் யேட்ஸின்கீழ் 26ஆம் மெட்ராஸ் படைப்பிரிவும் கொஞ்சம் ஐரோப்பியரும். ஆற்றில் சோஃபி என்ற போர்க்கப்பல். பகலும் இரவும் தாக்குதல், கூடவே தீத்தெப்பங்கள். ஒரு வாரத்துக்கும் மேல் அரண் விழவில்லை. பெரும்பாலும் நம் மாகாணத்துச் சிப்பாய்கள் தனித்துக் காத்த இடம் இது. அடுப்பு மூட்ட முடியாத சுவரோரத்தில் அந்த மனிதர்கள் என்ன தின்றார்கள், எப்போது கண்ணயர்ந்தார்கள், முறை மாற்ற ஆளில்லாதபோது எப்படி நின்றார்கள் என்பதை எழுதினால் ஐம்பது பக்கம் நிற்கும்.

அதற்கப்புறம் வேகமாகப் போகலாம். 1825 மார்ச்சில் டனுபியூவில் முதல் தாக்குதல் தோற்றது. ஏப்ரல் 1 அன்று பண்டுலா விழுந்ததும் அரண் காலியானது. அம்மாதமே புரோம் வீழ்ந்தது. நவம்பரில் வத்திகோன் என்ற பர்மிய ஊரில் மெட்ராஸ் படைக் கர்னல் மக்டோவல் கொல்லப்பட்டு, சிப்பாய்கள் அடிபட்டுத் திரும்பினார்கள். வெற்றிக் கதை எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போவது வழக்கம்; தாண்டாதீர்கள். 1826 பிப்ரவரி 24 அன்று யாண்டபோ ஒப்பந்தம். ஒரு கோடி ரூபாய் நஷ்டஈடு, அரக்கானும் தெனாசரிமும் கம்பெனிக்கு.

வழுக்கும் இடங்கள் சிலவற்றையும் சொல்ல வேண்டும். மண்டலே நகரம் 1857க்குப் பிறகுதான். அதை 1824இல் கொண்டுவர முடியாது. கட்டம் கட்டமான ரங்கூன் தெருக்கள் 1852 போருக்குப் பிந்தியவை. இந்தக் கதையின் ரங்கூன் மரவேலியும் மூங்கில் வீடும் சேறும். செட்டியார் பெட்டியடியும் (வட்டிக்கடை) வேண்டாம், அவர்கள் திரளாக வந்தது அரிசி வாணிபம் பெருகிய பின். ஆனால் சோழமண்டலக் கரையின் சூலியா முஸ்லிம் வணிகர்கள் முன்பே இங்கே இருந்தார்கள். காலியான ஊரில் சிப்பாய் தமிழ்க் குரல் கேட்க வேண்டுமென்றால் அது அவர்கள் குரலாக இருக்கலாம். கொழுப்புத் தடவிய தோட்டா 1857இன் விவகாரம், இதில் கலக்காதீர்கள். தீக்குச்சி இல்லை, காக்கி இல்லை. நீராவிக் கப்பல் உண்டு: டயானா. போரில் இறங்கிய முதல் நீராவிக் கப்பல்களில் ஒன்று. காற்றில்லாமல் நீரோட்டத்தை எதிர்த்து அது ஏறியதைச் சிப்பாயும் பர்மியரும் ஒரே வியப்போடு பார்த்திருப்பார்கள்.

கூச்சமாக இருந்தாலும் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். படை சுவேடகோனைக் கோட்டையாக்கியது. புதையல் இருக்கும் என்று பகோடாக்களைக் குடைந்தார்கள். 1779இல் வார்த்த, இருபது டன்னுக்கு மேல் எடையுள்ள சிங்கு மன்னரின் மணியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோக முயன்று ஆற்றில் போட்டார்கள். பிறகு பர்மியரே அதை மீட்டுத் திரும்பத் தொங்கவிட்டார்கள். கோயிலுக்குள் செருப்பைக் கழற்றிப் பழகிய நம் சிப்பாய், காவல் முறைக்கு அந்தப் படியில் செருப்புக் காலோடு ஏறும்போது என்ன நினைத்திருப்பான்? பர்மாவில் தலைமுறையாக வாழும் நமக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிட நெருக்கமானது. இதற்குப் பதில் எந்த ஆவணத்திலும் கிடைக்காது. நாவல்தான் சொல்ல வேண்டும்.

ஆவணங்களில் சிப்பாயின் பெயர் அரிதாகத்தான் வரும். வெள்ளை அதிகாரி இறந்தால் பெயர், சிப்பாய் இறந்தால் எண்ணிக்கை. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள சென்னை ராணுவத் துறைக் குறிப்புகளைப் புரட்டுகிறவர் தளபதிகளின் கடிதங்களோடு நின்றுவிடாமல், அரிசிக் கணக்கு, கப்பல் வாடகை, குடும்ப ஒதுக்கீடு பற்றிய தாள்களையும் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கதை அவற்றில்தான் கிடக்கிறது.

போருக்குப் பின் மெட்ராஸ் படைப்பிரிவுகள் மௌல்மேனில் காவலுக்கு நின்றன. சண்டையிட்டவர்களுக்குக் கம்பெனி ஒரு பதக்கம் தந்தது: இந்திய அதிகாரிகளுக்குத் தங்க முலாம், சிப்பாய்க்கு வெள்ளி. ஒரு பக்கம் ஆவாவின் யானை இங்கிலாந்தின் சிங்கத்துக்கு முன் மண்டியிட்டிருக்கும். அதன் கீழே பாரசீக எழுத்தில் ஒரு வரி. மறுபக்கம் ரங்கூன் பெரிய பகோடாவைத் தாக்கும் காட்சி. தமிழில் ஓர் எழுத்தும் கிடையாது.